குழுவோடு வாசித்தால் கிட்டார் கேட்கவில்லையா?

கேள்வி: ஐயா, பங்க் ராக் குழு ஒன்றில் கிட்டார் வாசிக்கிறேன். தனியே வாசிக்கும்போது பிரமாதமாகக் கேட்கும் ஒலி, டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்ததும் வெறும் இரைச்சலாகி அமுங்கிவிடுகிறது. ஆம்பில் (ஒலிபெருக்கியில்) கெயின் (கரகரப்பின் அளவு) 9, பேஸ் (கீழ்ப்பகுதி ஒலி) 8, மிட் (நடுப்பகுதி ஒலி) 2 என்று வைத்திருக்கிறேன்; கம்பியின் அதிர்வை மின்குறிப்பாக்கும் பிக்கப், இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கர் வகை. ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடல் ஒன்று வாங்கினால் சரியாகுமா?

பதில்: இன்னொரு டிஸ்டார்ஷன் பெடல் இந்தக் குறையை அதிகமாக்கவே செய்யும். கிட்டாரின் குரல் தெளிவாக வெளிப்படும் இடம் நடு அலைவரிசைகள்தான். கீழ்ப்பகுதியைப் பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும், மேல்பகுதியைச் சிம்பல்களும் எடுத்துக்கொண்ட பிறகு, மிட்டையும் 2-க்கு இறக்கிவிட்டால் உங்களுக்கென்று இடமே மிஞ்சாது. மிட்டை 6 அல்லது 7-க்கு ஏற்றி, பேஸை 4-க்கு இறக்குங்கள். தனியாகக் கேட்கும்போது இது மூக்கடைத்த குரல்போல இருக்கும். அதைப் பொருட்படுத்தாமல், குழுவோடு வாசிக்கும்போது எப்படிக் கேட்கிறது என்பதை வைத்தே முடிவு செய்யுங்கள்.

அடுத்தது கெயின். அது ஏற ஏற, பிக் கம்பியில் படும் கணத்தின் அழுத்தமும் அதன்பின் வரும் ஒலியும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடுவதால், வேகமான பாடலில் தாளமே மங்கிவிடுகிறது. பிரிட்ஜ் பிக்கப்பை (கம்பிகளைத் தாங்கும் பாலத்தின் அருகே உள்ளதை) தேர்ந்துகொண்டு, கெயினை 3-இல் தொடங்கி, தடித்த கம்பியில் பாம் மியூட் செய்து, அதாவது உள்ளங்கை ஓரத்தால் கம்பியை லேசாக அமுக்கி, வாசித்தபடியே மெல்ல ஏற்றுங்கள். அடிக்கும் அடிக்கும் நடுவே இருக்கும் மௌனம் எங்கே நிரம்பத் தொடங்குகிறதோ, அதற்குச் சற்று முன்பே நிறுத்திவிடுங்கள். பெரும்பாலான ஆம்புகளில் அது பாதியைத் தாண்டாது.

பெடல் வாங்கியே தீரவேண்டும் என்றால், டியூப் ஸ்கிரீமர் வகை ஓவர்டிரைவ் (மென்மையான கரகரப்புத் தரும் பெடல்) ஒன்றை வாங்கி, டிரைவை (அதன் கரகரப்பு அளவை) சுழியத்திலும் லெவலை (வெளியேறும் ஒலியின் அளவை) உயரத்திலும் வைத்து ஆம்புக்கு முன்னால் இணையுங்கள். வழக்கமான சுருதியில் தடித்த கம்பியின் அதிர்வு ஏறக்குறைய 82 ஹெர்ட்ஸ்; அந்தக் கனம் முழுவதும் டிஸ்டார்ஷனுக்குள் நுழைந்தால் ஒலி குழம்பிவிடும், பிறகு ஈக்யூவில் (அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் கருவியில்) எவ்வளவு வெட்டினாலும் அந்தக் குழப்பம் தீராது. இந்தப் பெடல், ஒலி ஆம்பில் கரகரப்பாவதற்கு முன்பே கீழ்ப்பகுதியைக் குறைத்து நடுப்பகுதியைத் தூக்கிக் கொடுக்கிறது. ஒலிக்கு இறுக்கம் இங்கிருந்தே வருகிறது.

மீதி உங்கள் வலக்கையில் இருக்கிறது. ரமோன்ஸ் என்ற பங்க் குழுவின் கிட்டார் கலைஞர் ஜானி ரமோன் வேகமான பாடல்களையும் டவுன் ஸ்ட்ரோக்கிலேயே (கீழ்நோக்கி மட்டும் அடித்து) வாசித்தவர். மேலும் கீழுமாக அடிக்கும்போது கிடைக்காத சீரான அழுத்தம் அதில் கிடைக்கிறது. குறைந்த வேகத்தில் பழகி, கை இறுகாமல் வேகத்தைக் கூட்டுங்கள்.

கேள்வி: ஒலிப்பதிவுக்கும் இதே அமைப்பு போதுமா?

பதில்: கெயினை இன்னும் சற்றுக் குறையுங்கள். ஒரே பகுதியை இரண்டு முறை தனித்தனியாக வாசித்துப் பதிந்து, ஒன்றை முழுக்க இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் வையுங்கள். இரண்டு வாசிப்புகளின் நுண்ணிய வேறுபாடே அகலத்தைத் தருகிறது. ஒரே பதிவை நகலெடுத்து இரு பக்கமும் வைத்தால் ஒலி நடுவிலேயே நிற்கும், அளவு மட்டுமே கூடும்.