வாசகர் கேள்வி: நகை வேலையும் நச்சுப் புகையும்

கேள்வி: வெள்ளி நகை செய்யப் பழகிவருகிறேன். பற்றவைத்த பின் கருமையைப் போக்க நீர்த்த கந்தக அமிலத்தைப் பயன்படுத்துகிறேன். துணி முகக்கவசம் அணிந்தால் போதுமா?

பதில்: போதாது, துணி முகக்கவசம் அமில ஆவியையோ உலோகப் புகையையோ தடுக்காது. ஆனால், அமிலத்தைவிட எனக்குக் கூடுதல் கவலை அளிப்பது நீங்கள் குறிப்பிடாத பற்றாசுதான், அதாவது நகைத் துண்டுகளை இணைக்க உருக்கிச் சேர்க்கும் உலோகக் கலவை. எளிதில் உருகுவதற்காகச் சில பற்றாசுகளில் காட்மியம் என்ற நச்சு உலோகம் கலக்கப்படுகிறது. அதன் கொதிநிலை 767 டிகிரி செல்சியஸ்தான் என்பதால், பற்றவைக்கும் சூட்டில் அது புகையாக எழுகிறது. அதைச் சுவாசித்தவருக்கு முதலில் பெரிதாக எதுவும் தெரியாமல், பல மணி நேரம் கழித்துச் சாதாரணக் காய்ச்சல்போலத் தொடங்கி, நுரையீரலில் நீர் கோத்து உயிருக்கே ஆபத்து நேரலாம். எனவே, காட்மியம் இல்லாதது என்று குறிக்கப்பட்ட பற்றாசை மட்டுமே வாங்குங்கள். விவரம் தெரியாத பழைய பற்றாசுக் கம்பியைத் தொடவே வேண்டாம். புகை உங்கள் முகத்தை எட்டும் முன்பே அதை வெளியே இழுக்கும் விசிறியும் அவசியம்.

கருமையைப் போக்கச் சூடான சிட்ரிக் அமிலக் கரைசலே போதும், சற்று மெதுவாக வேலை செய்யும், அவ்வளவுதான். கந்தக அமிலமே வேண்டுமென்றால், நீரில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றக் கூடாது. சூடான நகையை நேரே அதில் போட்டால் அமிலம் தெறிக்கும் என்பதால், முதலில் தண்ணீரில் ஆறவிடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றாதீர்கள்.