முகம் வேண்டாம், முதுகு மட்டும் போதுமாம்!

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு மேலூர்ப் பக்கம் ஒரு கிராமம். வயது 22. பி.காம். முடித்துவிட்டு மதுரையில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறேன். கல்லூரி ஃபேஷன் ஷோவில் நடந்ததிலிருந்து மாடலிங் மேல் ஆசை. ஒரு கோஆர்டினேட்டர் மூலமாகச் சில கேட்லாக் ஷூட்டுக்குப் போனேன். நான் நல்ல கறுப்பு. ரவிக்கையின் முதுகு டிசைனைப் படம் எடுக்க மட்டும் என்னை நிறுத்துவார்கள். முகம் தெரிகிற படத்துக்கு பெங்களூரிலிருந்து ஒரு பெண் வருவாள். அவள் வாங்குவதில் பாதிகூட எனக்குக் கிடையாது. ஒரே ஒரு தடவை என் முகம் வந்தது. ஒரு பியூட்டி பார்லர் ஃப்ளெக்ஸில் ‘முன்’, ‘பின்’ என்று இரண்டு படம். இரண்டுமே நான்தான். ‘பின்’ படத்தில் கம்ப்யூட்டரில் வெளுக்க வைத்திருந்தார்கள். இப்போது கோஆர்டினேட்டர், “கலர் ஊசி போட்டுக்கிட்டு வா, பெரிய கடை விளம்பரம் வாங்கித் தர்றேன்” என்கிறார். அவர் சொன்ன கிளினிக்கில் முன்பணமும் கட்டிவிட்டோம். “போட்டுக்கடி, கல்யாணத்துக்கும் ஆகும்” என்கிறார் அம்மா. ஊசி போடலாமா? இல்லை, இந்த ஆசையையே விட்டுவிடட்டுமா? வியாபாரம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். என் உயரம் ஐந்தடி நாலு அங்குலம்.
– பெயர் வேண்டாம், மேலூர்

பதில்: தங்கச்சி, முதலில் ஊசி விஷயம். போட்டுக்கொள்ளாதே. மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம், இதை மட்டும் இன்றைக்கே முடிவு செய்துவிடு.

கலர் ஊசி என்று பெரும்பாலும் போடுவது குளூட்டாதயோன். தோலை வெளுக்க வைப்பதற்கென்று இந்த ஊசிக்கு நம் நாட்டில் ஒப்புதல் இல்லை. சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு எல்லாம் பாதிக்கப்படலாம் என்று பிலிப்பைன்ஸ் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை வெளிப்படையாகவே எச்சரித்திருக்கிறது. கொஞ்சம் வெளுத்தாலும் ஊசியை நிறுத்தினால் பழைய நிறம் வந்துவிடும். அதனால் மறுபடி மறுபடி போடச் சொல்வார்கள், நீ மாதா மாதம் பணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

ஊசியோடு ஏதாவது கிரீமும் கொடுத்திருக்கிறார்களா? எழுதவில்லை நீ. ட்யூபைத் திருப்பி, பெட்டாமெதசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்று ஏதாவது போட்டிருக்கிறதா பார். இவையெல்லாம் ஸ்டீராய்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் அரசு விதி கொண்டுவந்தும் மருந்துக் கடைகளில் கேட்டால் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. போட்ட புதிதில் முகம் பளிச்சென்று தெரியும். போகப் போகத் தோல் மெலிந்து, வெயிலில் இறங்கினாலே எரியும், பரு கிளம்பும், முகத்தில் முடி வளரும். பல நாளாகப் பூசுகிறாய் என்றால் சட்டென்று நிறுத்தாதே, நிறுத்தினதும் முகம் இன்னும் மோசமாகச் சிவந்து போகும். மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்கு அந்த ட்யூபையும் எடுத்துக்கொண்டு போ. எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று அங்கே சொல்வார்கள்.

சரி, வியாபாரம் என்றால் அப்படித்தான் என்கிறார்களே, அதற்கு வருகிறேன். உன் கடிதத்தில் என்னை அதிகம் கோபப்படுத்தியது அந்த வரிதான். உலகத்தில் கறுப்புப் பெண்களைப் படத்திலிருந்து ஒதுக்கின அத்தனை பேரும் அதே சாக்கைத்தான் சொன்னார்கள்: எங்களுக்கு ஒன்றுமில்லை, வாங்குகிறவர்களுக்குப் பிடிக்காது.

பிரிட்டன் ‘வோக்’ ஃபேஷன் பத்திரிகையின் அட்டையில் முதன்முதலாக ஒரு கறுப்பினப் பெண் வந்தது 1966 மார்ச்சில். டோனியேல் லூனா என்று பெயர். அந்த அட்டையைப் பார்த்தால் உனக்கு உன் ஞாபகம் வரும். மூக்கும் வாயும் விரல்களுக்குப் பின்னால் போய்விட, ஒரு கண்தான் நம்மைப் பார்க்கும். அமெரிக்க ‘வோக்’ அட்டையில் பெவர்லி ஜான்சன் வந்தது 1974 ஆகஸ்டில். பிரான்ஸ் ‘வோக்’ 1988 வரை அசையவில்லை. அட்டையில் கறுப்பின மாடல் நவோமி கேம்ப்பெல்லைப் போடாவிட்டால் என் விளம்பரங்களை நிறுத்திவிடுவேன் என்று உடை வடிவமைப்பாளர் ஈவ் சான் லோரான் மிரட்டிய பிறகே போட்டார்கள். வாசகர் ரசனை அந்த ஒரு மாதத்தில் மாறிவிடவில்லை. பணம் கொடுக்கிறவர் வாயைத் திறந்தார், வேலை நடந்தது.

இத்தாலி ‘வோக்’ 2008 ஜூலையில் கறுப்பின மாடல்களை மட்டுமே வைத்து ஒரு இதழ் போட்டது. கடைகளில் தீர்ந்துபோய் மறுபடி அச்சடிக்க வேண்டியிருந்தது. விற்காது என்று சொன்னவர்கள் அதற்கு முன் விற்றுப் பார்த்ததே இல்லை! இன்னொருவரையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். பெத்தான் ஹார்டிசன். 1973-இல் பிரான்ஸின் வெர்சாய் அரண்மனை ஃபேஷன் ஷோவில் அமெரிக்க வடிவமைப்பாளர்களுக்காக மேடையேறிய கறுப்பின மாடல்களில் ஒருவர். அப்புறம் சொந்தமாக ஏஜென்சி நடத்தினார். 2013-இல் மாடல்கள் இமான், நவோமி கேம்ப்பெல் இருவரையும் சேர்த்துக்கொண்டு நியூயார்க், லண்டன், பாரிஸ், மிலன் ஃபேஷன் அமைப்புகளுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மாடலே இல்லாமல், அல்லது பேருக்கு ஒருவரை வைத்து ஷோ நடத்தின நிறுவனங்களின் பெயரைப் பட்டியல் போட்டே எழுதினார். மனசு மாறட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

அங்கே நடந்ததும் இங்கே நடப்பதும் ஒன்றே என்று சொல்ல மாட்டேன். அவர்களுக்குப் பின்னால் அடிமை வியாபாரத்தின் வரலாறு இருக்கிறது. நம் ஊரில் கறுப்பு என்றதும் சிலர் மனசுக்குள் சாதிக் கணக்கும் காசுக் கணக்கும் ஓட ஆரம்பித்துவிடுகிறது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ‘லுக் செட் ஆகல’ என்பார்கள். “கறுப்பே அழகு, காந்தலே ருசி” என்று பழமொழி சொல்கிற அதே வீட்டில்தான் பையனுக்குப் பெண் தேடும்போது ‘நல்ல சிவந்த நிறம்’ என்று விளம்பரம் கொடுக்கிறார்கள். சினிமாவிலும் பார். நம் மதுரை விஜயகாந்த் அந்த நிறத்தோடுதான் தமிழ்நாடு முழுக்கக் கொண்டாடப்பட்டார், அது ஆண்களுக்குக் கிடைத்த சலுகை. பெண்ணுக்கு அந்தக் கதவை இன்னும் சரியாகத் திறக்கவில்லை.

ஆடித் தள்ளுபடி சமயத்தில் விளக்குத்தூண் பக்கம் ஒரு சாயங்காலம் நின்று பார். உசிலம்பட்டி, திருமங்கலம், சோழவந்தான் என்று சுற்றுவட்டாரத்திலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சேலை பார்க்கிற பெண்கள் என்ன நிறம்? கடைக்குக் காசு கொண்டுவருகிறவர்கள் அவர்கள். அவர்களில் ஒருத்தியாவது ‘மேலே மாட்டியிருக்கிற பெண் வெள்ளையாக இருந்தால்தான் சேலை எடுப்பேன்’ என்றாளா? யாரும் அவர்களைக் கேட்டதே இல்லை. ஒரு கடைக்காரரும் ஒரு விளம்பரக்காரரும் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டு, பழியை அந்தப் பெண்கள் மேல் போடுகிறார்கள்.

அந்த ஃப்ளெக்ஸ் விஷயத்தைச் சும்மா விடாதே. இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2014-இலேயே விதி போட்டிருக்கிறது. நிறத்தை வைத்து ஒருவரைத் தாழ்த்திக் காட்டுவது, பூசுவதற்கு முந்தைய முகத்தைச் சோகமாகவும் அழகில்லாததாகவும் காட்டுவது, இதெல்லாம் சிவப்பழகு விளம்பரங்களில் கூடாது. உன்னை ‘முன்’ படத்துக்கு முகத்தைச் சுளிக்கச் சொல்லியிருந்தால் அதுவே புகாருக்குப் போதும். இணையத்திலேயே புகார் கொடுக்கலாம், செலவில்லை. ஃப்ளெக்ஸைப் போட்டோ எடுத்து, எந்தத் தெருவில் எந்தத் தேதியில் இருந்தது என்று எழுது. சட்டத்தைப் பொறுத்தவரை நம் கை கொஞ்சம் கட்டித்தான் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றைச் சொல்கிறது, நிறத்தைத் தனியாகச் சொல்லவில்லை. அதனால் சம்பளத்தில் பாதி ஏன் என்று கோர்ட்டில் கேட்பது சிரமம். வேலைக்கு முன்பே எழுதி வாங்குவதுதான் உனக்குப் பாதுகாப்பு.

என்ன எழுதி வாங்குவது? எத்தனை மணி நேரம், எவ்வளவு பணம், என்றைக்குத் தருவார்கள். படத்தை எங்கெங்கே, எத்தனை மாதம் பயன்படுத்துவார்கள். அதோடு, ‘என் தோல் நிறத்தை எடிட்டிங்கில் மாற்றக் கூடாது’ என்று ஒரு வரி. வாட்ஸ்அப்பில் அனுப்பி, ‘சரி’ என்று அவர் பதில் போட்டாலே ஒரு சாட்சி ஆயிற்று. நல்ல கோஆர்டினேட்டர் உனக்கு வருகிற சம்பளத்தில்தான் தன் பங்கை எடுப்பார். பதிவுக் கட்டணம், டெபாசிட், குறிப்பிட்ட கிளினிக், குறிப்பிட்ட ஸ்டுடியோ என்று உன் பையிலிருந்து எடுக்கிறவர் உனக்கு வேலை தேடித் தருகிறவர் இல்லை. உன்னுடைய ஆளை விட்டு விலகு.

இப்போது தொழில் விஷயம், இதைக் கவனமாகப் படி. உன் படங்கள் நன்றாக வராததற்கு உன் முகம் காரணமில்லாமல் இருக்கலாம். வெள்ளைத் திரைக்கு முன்னால் உன்னை நிறுத்திவிட்டு கேமராவை ஆட்டோ மோடில் விட்டால், அது திரையின் வெளிச்சத்தை அளந்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். கண்ணும் பல்லும் மட்டும்தான் தெரியும். உன் கன்னத்தில் வெளிச்சத்தை அளந்து எடுக்கச் சொல். அகலமான மென்மையான விளக்கு பக்கவாட்டில் ஒன்று, தோளுக்குப் பின்னாலிருந்து ஒன்று. மேக்கப்பில் உன் நிறத்தைவிட இரண்டு ஷேட் வெளுப்பான ஃபவுண்டேஷன் அடித்தால் முகம் சாம்பல் பூத்துவிடும், கழுத்தும் கையும் வேறு ஆளுடையது போல நிற்கும். தாடையோரத்தில் மூன்று ஷேட் கோடு போட்டு, வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார். எது காணாமல் போகிறதோ அதுதான் உன் ஷேட். அதை நீயே வாங்கிப் பையில் வைத்துக்கொள். மேக்கப் ஆர்ட்டிஸ்டிடம் இல்லாவிட்டால் எடுத்துக் கொடு. உடம்பில் லேசாக எண்ணெயோ மாய்ஸ்சரைசரோ தடவினால் வெளிச்சம் உன் தோலில் விழுந்து மின்னும். வெளுத்த தோலில் அந்த மினுமினுப்பு இந்த அளவுக்கு வராது.

சென்னைப் புகைப்படக்காரர் நரேஷ் நீலும் பரத்வாஜ் சுந்தரும் 2017 கடைசியில் கறுப்பு நிற மாடல்களை லட்சுமியாகவும் துர்க்கையாகவும் முருகனாகவும் நிறுத்திப் படம் எடுத்தார்கள். தேடிப் பார். வெளிச்சம் எங்கே விழுகிறது என்று மட்டும் கவனி.

ரேம்ப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். பெரிய ஃபேஷன் வீக்குகளில் பெண்களுக்கு ஐந்தடி ஏழு, எட்டு அங்குலம் கேட்பார்கள். உன் உயரத்துக்கு அந்தப் பக்கம் கஷ்டம். கேட்லாக், நகை, சேலை, ஆன்லைன் கடைகளுக்கு உயரம் பெரிய தடையில்லை. மதுரையிலும் சின்னாளப்பட்டியிலும் சுங்குடி விற்கிறவர்கள் இன்ஸ்டாகிராமில் படம் போட ஆள் தேடுகிறார்கள். அரக்குச் சிவப்பு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை என்று வெள்ளைப் புள்ளி வைத்த சேலை உன் தோலில் எடுப்பாக இருக்கும். ஆறேழு படம் மட்டும் நன்றாக எடுத்து, நேராகக் கடை முதலாளியிடமே காட்டு. முதுகைக் காட்டுகிற வேலைக்கு இனிமேல், ‘முகமும் வரும் என்றால் வருகிறேன்’ என்று சொல். இரண்டு வேலை கைவிட்டுப் போகலாம். பில் போடுகிற வேலை கையில் இருப்பதால் உன்னால் தாங்க முடியும். அதனால் அதை இப்போதைக்கு விடாதே.

அம்மாவிடம் கோபப்படாதே. ‘ஃபேர் அண்டு லவ்லி’ 1975-இல் கடைக்கு வந்தது, பெயரிலிருந்து ‘ஃபேர்’ போனது 2020-இல்தான். அம்மா வளர்ந்த காலம் முழுக்க அந்த விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பதிலில் ஊசி பற்றி எழுதிய பகுதியை அவருக்கு வாசித்துக் காட்டு. மகளின் சிறுநீரகத்தைவிட மாப்பிள்ளை பெரிது என்று எந்தத் தாயும் சொல்ல மாட்டார்.

அந்த முன்பணத்தை விட்டுவிடாதே. ரசீதோடு அம்மாவையும் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போய், சிகிச்சை வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று எழுதிக் கொடு. ஒரு நகலில் அவர்கள் கையெழுத்து வாங்கிக்கொள். இழுத்தடித்தால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம்.