கேள்வி – பதில்: லயத்துக்கு ஓட்டு வந்தது, ரோடு?

கேள்வி: 2022ல் இலங்கை திவாலானதற்கு ராஜபக்ச குடும்பம் மட்டும்தானா காரணம்? (வாசகர், வள்ளியூர்)

பதில்: பெரிய காரணம் அவர்கள்தான், ஒரே காரணம் இல்லை. 2007 முதல் டாலர் கடன் பத்திரங்களை விற்றுக் காலம் தள்ளினார்கள். 2015ல் வந்த ஆட்சியும் அதை விடவில்லை. 2019 டிசம்பரில் வாட் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆக வெட்டியதும் கஜானா வற்றியது. கொரோனாவில் சுற்றுலா வருமானமும் போனது. 2021ல் ரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் தடை செய்தார்கள். நெல்லும் தேயிலையும் படுத்தன. பிசான நெல் சாகுபடிக்கு யூரியா தேடிக் கடை கடையாக அலைந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2022 ஏப்ரல் 12ல் வெளிநாட்டுக் கடன் தவணையை நிறுத்தினார்கள். ஜூலை 14ல் ஜனாதிபதி கோத்தபய ராஜபக்ச ராஜினாமா.

கேள்வி: இலங்கையில் 42 சதவீதம் வாங்கிய அனுர குமார திசாநாயக்க எப்படி ஜனாதிபதி ஆனார்? (வாசகி, அம்பாசமுத்திரம்)

பதில்: நம் தேர்தலில் ஒரு ஓட்டு கூடினாலும் வெற்றிதான். அங்கே ஜனாதிபதிக்குச் செல்லுபடியான ஓட்டில் பாதிக்கு மேல் வேண்டும். அதற்காகவே வாக்காளர் 1, 2, 3 என்று மூன்று பேர் வரை விருப்பம் குறிக்கலாம். யாருக்கும் பாதி தேறாவிட்டால் முதல் இருவரை வைத்துக்கொண்டு மற்றவர்களைத் தள்ளிவிடுவார்கள். தள்ளப்பட்டவர்களுக்கு 1 போட்ட ஓட்டுச் சீட்டுகளில் 2 அந்த இருவரில் ஒருவருக்கு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் 3ஐப் பார்ப்பார்கள். அதுவும் இல்லாத சீட்டு கணக்கில் வராது. கடைசியில் இருவரில் கூடுதல் ஓட்டு உள்ளவருக்கே வெற்றி.

இந்த இரண்டாம் எண்ணிக்கை முதன்முறையாக நடந்தது 2024 செப்டம்பரில்தான். தள்ளப்பட்டவர்களின் சீட்டுகள் 33 லட்சத்துக்கும் மேல். அவற்றிலிருந்து அனுர குமாரவுக்குச் சேர்ந்தது 1,05,264, சஜித் பிரேமதாசவுக்கு 1,67,867. அவ்வளவுதான்! கடைசிக் கணக்கு 57,40,179க்கு 45,30,902. மொத்தச் செல்லுபடி ஓட்டோடு ஒப்பிட்டால் ஜெயித்தவர் அப்போதும் பாதியைத் தொடவில்லை. ஏட்டில் நல்ல முறைதான், ஆனால் ஒரே குறியோடு சீட்டை மடித்துப் போடும் பழக்கம் மாறாதவரை பலன் இவ்வளவுதான்.

கேள்வி: நம் பக்கத்திலிருந்து கண்டிச் சீமைக்குத் தோட்ட வேலைக்குப் போனவர்களின் வாரிசுகளுக்கு இப்போது முழு உரிமை உண்டா? (வாசகர், வீரவநல்லூர்)

பதில்: ஓட்டு உண்டு, அதுவும் தாமதமாக வந்தது. 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964ல் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிரிமாவோவும் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி ஒன்றரை லட்சத்தை 1974ல் பாதிப் பாதியாக்கினார்கள். யாரும் அந்த மக்களைக் கேட்கவில்லை. அப்படியும் நாடற்று மிஞ்சியவர்களுக்கு 2003 சட்டத்தில்தான் வழி பிறந்தது.

ஓட்டு வந்தும் ரோடு வரவில்லை. பிரதேச சபை என்பது அங்கே கிராமப்புற உள்ளாட்சி. அதற்கான 1987 சட்டத்தின் 33வது பிரிவு, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்கத் தடையாக நின்றது. உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கலாம், அவரிடம் குழாய் கேட்க முடியாது. 2018ல்தான் திருத்தினார்கள்.

கூலியில் ஒரு சூட்சுமம் உண்டு. அறிவிக்கும் அடிப்படை நாட்கூலியை (2024ல் அது 1,350 ரூபாய்) மாதத்துக்கு அப்படியே பெருக்கிவிடாதீர்கள். கொழுந்து நிறுவை குறைந்தால் 'அரைப் பேர்' போடுவார்கள், பாதிக் கூலிதான். மழை பொய்த்தாலும், உரம் போடாமல் களை மண்ட விட்டாலும் கிலோ தேறாது. தோட்டத்தைப் பராமரிக்காதது நிர்வாகம், கூலி குறைவது கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது வீடு. லயம் என்னும் வரிசை வீடு தோட்டத்துக்குச் சொந்தம். கூலி உயர்வும் சிறையிலிருந்தவர்களின் விடுதலையும் கேட்டு வந்து, 1999ல் தாமிரபரணியில் 17 உயிர்களைப் பறிகொடுத்த மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டக்காரர்களுக்கும் வீடு கம்பெனியுடையதாகத்தான் இருந்தது. வேலை போனால் வீடும் போகும்.

இந்திய உதவியோடு அங்கே கட்டிய தனி வீடுகள் பலவற்றுக்கு 7 பேர்ச் நிலம் தந்தார்கள். ஒரு பேர்ச் 272 சதுர அடி, ஆக நம் கணக்கில் நாலே கால் சென்டுக்குச் சற்று மேல். உங்கள் உறவினர் யாராவது அப்படி வீடு வாங்கியிருந்தால், சாவி கிடைத்ததா என்று கேட்பதோடு விடாதீர்கள். பத்திரம் கைக்கு வந்ததா, அதில் வீட்டுப் பெண்ணின் பெயரும் இருக்கிறதா என்று கேளுங்கள். பத்திரமில்லாத வீட்டை நம்பி எந்த பாங்கும் கடன் தராது.