கை கழுவும் இடம்

அன்புள்ள சார்,

பெரம்பூரில் எங்கள் தெருக்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு பழைய கல்யாண மண்டபத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறோம். மாடியில் 160 பேர் உட்காரும் நாடக அரங்கம். கீழே பந்தி நடந்த இடம் இனி வரவேற்புக் கூடம். நான் கிராஃபிக் டிசைனர் என்பதால் வழிகாட்டிப் பலகைகளும் கூடத்துச் சுவரும் என் தலையில் விழுந்தன. பழைய பெயின்ட் எழுத்துகளை எல்லாம் சுரண்டிவிட்டுப் புதிதாகச் செய்யப்போகிறேன். சுவரில் சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கி இன்றுவரை தமிழ் நாடக வரலாறு. கழிப்பறைக் கதவுகளில் எழுத்தே இல்லாமல் ஆண்களுக்கு அழுகிற முகமூடி, பெண்களுக்குச் சிரிக்கிற முகமூடி. எந்த எழுத்துரு பொருந்தும்? தமிழ் மேலே வரவேண்டுமா, ஆங்கிலமா? உள்ளே நுழைந்ததுமே நாடகம் தொடங்கிவிட்ட உணர்வு வர என்ன செய்யலாம்? மாதிரிப் படங்களை இணைத்திருக்கிறேன்.

மு. ந., பெரம்பூர்

அன்புள்ள ந.,

சென்ற வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தி முடிந்து எச்சில் கையோடு நூறு பேர் எழுந்தோம். ஒருவரும் யாரிடமும் வழி கேட்கவில்லை. சுவரில் சிவப்புப் பெயின்டில் ‘கை கழுவும் இடம்’ என்று ஓரடி உயரத்துக்கு எழுதி, பக்கத்தில் விரல் நீட்டிய ஒரு கையும் வரைந்திருந்தது. அந்தக் கைக்கு ஆறு விரல் இருந்ததாக எனக்குச் சந்தேகம். ஆனாலும் நூறு பேரும் சரியான இடத்தில் போய் நின்றோம். இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தால் உங்கள் கடிதம் காத்திருக்கிறது, அதில் நீங்கள் கையில் சுரண்டுகிற தகட்டோடு நிற்கிறீர்கள்.

முதலில் அதைக் கீழே வையுங்கள். உங்கள் மண்டபத்திலும் ‘கை கழுவும் இடம்’ இருக்கும், ‘மணமகன் அறை’, ‘மணமகள் அறை’ இருக்கும். அந்த இரண்டு அறைகளும்தான் இனி நடிகர்கள் வேஷம் போடப்போகிற இடம் என்று ஊகிக்கிறேன். அந்தப் பெயர்களை அப்படியே விட்டுவைத்தால் எந்த நடிகனும் கோபித்துக்கொள்ள மாட்டான்.

எழுத்துரு பற்றிக் கேட்டிருந்தீர்கள். சுழி அடைபடாத, தடிமன் சீரான எதுவும் சரி. தமிழ் மேலே. கடைப் பெயர்ப்பலகைகளுக்கு அரசே தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்று அளவு சொல்லியிருக்கிறது. நீங்கள் கடை இல்லை, ஆனாலும் நல்ல கணக்கு. உங்கள் மாதிரியில் ஆங்கிலம் கொழுத்து நிற்கிறது, தமிழ் அதன் காலடியில் சுருண்டு படுத்திருக்கிறது. ஏன் என்று எனக்குத் தெரியும். முதலில் ஆங்கிலத்துக்குப் பெட்டி போட்டீர்கள், அப்புறம் அதே பெட்டிக்குள் தமிழைத் திணித்தீர்கள். கேட்டால் தமிழ் நீளமான மொழி என்பீர்கள். எண்ணிப் பாருங்கள். எக்ஸிட் என்பதற்கு ஆங்கிலத்தில் நான்கு எழுத்து, ‘வெளியே’ என்பதற்கு மூன்று. டாய்லெட்டுக்கு ஆறு, கழிப்பறைக்கு ஐந்து. கொம்பும் காலும் சேர்ந்து அகலம் கொஞ்சம் கூடும், ஒத்துக்கொள்கிறேன். பத்தடி தூரத்துக்கு ஓரங்குல உயரம் என்பது பலகைத் தொழிலில் உள்ள கணக்கு. அது ஆங்கிலப் பெரிய எழுத்துக்குச் சொன்னது. நமக்கு இன்னும் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் ‘ழி’ தூரத்தில் ஒரு மைத்துளியாகிவிடும்.

சரி, முகமூடிக்கு வருகிறேன். என்னம்மா இது? ஆண்களுக்கு அழுகை, பெண்களுக்குச் சிரிப்பு. இடைவேளை பத்து நிமிடம். அதில் ஒருவன் கதவுக்கு முன்னால் நின்று, நான் அழுகிறவனா சிரிக்கிறவனா என்று யோசிக்க வேண்டுமா?

ஒரு கதை சொல்கிறேன். அப்பாவுக்குப் பின்னி மில்லில் நெசவுப் பகுதியில் வேலை. தமிழ் தினசரியை வரி விளம்பரம்கூட விடாமல் படிப்பார், ஆங்கிலம் தெரியாது. 1983இல் தென்சென்னையில் ஒரு சபாவில் என் முதல் நாடகம். சபாவின் பெயர் வேண்டாம். எனக்கு வேஷம் இடைவேளைக்குப் பிறகுதான், மொத்தம் பதினொரு நிமிடம். அதைப் பார்க்க அப்பா ஷிப்ட் மாற்றிக்கொண்டு, இஸ்திரி போட்ட வேட்டியோடு இரண்டு பஸ் மாறி வந்தார்.

அவருக்குச் சர்க்கரை. இடைவேளையில் எழுந்து போயிருக்கிறார். பாலிஷ் போட்ட இரண்டு கதவுகள். ஒன்றில் பித்தளையில் ஒரு தொப்பியும் புகைக்குழாயும், இன்னொன்றில் ஒரு விசிறி. எழுத்து கிடையாது. யாரோ உங்களைப் போல ரசனையுள்ளவர் செய்ததாக இருக்கும். அப்பா அதைத் தொப்பி போட்டவர்களுக்கான அறை, கிளப் மாதிரி ஏதோ என்று நினைத்துவிட்டார். வாட்ச்மேன் கார்க் கதவு திறப்பதில் மும்முரமாக இருந்தார். சுற்றிலும் ஜரிகை அங்கவஸ்திரமும் காபி டம்ளருமாக ஆட்கள். மில்லில் ஸ்ட்ரைக் என்றால் முன்வரிசையில் போய் நிற்கிற மனிதருக்கு, ஒன்றுக்குப் போக இடம் எங்கே என்று அங்கே கேட்க வாய் வரவில்லை. தெருவுக்கு வந்து, நடந்து, எங்கேயோ சுவரோரம் ஒதுங்கிவிட்டுத் திரும்பியபோது அரங்கக் கதவைச் சாத்திவிட்டார்கள். கூடத்தில் நன்கொடையாளர் படங்களுக்குக் கீழே நின்று கேட்டிருக்கிறார்.

அன்று ராத்திரி வீட்டில், “குரல் நல்லா எடுத்தே, ஒவ்வொரு வார்த்தையும் புரிஞ்சுது” என்றார். நடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு மனத்தாங்கல். பல வருஷம் இருந்தது. அவர் போன பிறகுதான் அம்மா சொன்னாள்.

அதனால் உங்கள் முகமூடியை என்னால் நிதானமாகப் பார்க்க முடியவில்லை, மன்னியுங்கள். கதவில் ‘ஆண்கள் கழிப்பறை’, ‘பெண்கள் கழிப்பறை’ என்று எழுதி, எல்லோருக்கும் பழக்கமான ஆண் பெண் உருவங்களைப் போடுங்கள். ‘ஓய்வறை’ என்று எழுதாதீர்கள். எழுபது வயதுக்காரர் நிஜமாகவே ஓய்வெடுக்கப் போவார். சில இடங்களில் ‘ஒப்பனை அறை’ என்று நாசூக்காக எழுதுகிறார்கள். நாடக அரங்கில் அதைப் போட்டீர்களானால் அவசரத்தில் வருகிறவர் நேராகப் பாதி மீசை ஒட்டிய துரியோதனன் முன்னால் போய் நிற்பார். கழிப்பறை நல்ல சொல். அதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் நாம் வயதானவர்களைச் சுவரோரம் அனுப்புகிறோம். அப்புறம், அந்தப் பலகையைக் கதவில் மட்டும் மாட்டினால் போதாது. மாடியிலிருந்து இறங்குகிறவர் கடைசிப் படியில் ஒரு நொடி நின்று இடமா வலமா என்று பார்ப்பார் இல்லையா, அவர் கண்ணுக்கு நேராக ஒன்று வேண்டும். இடம் வலம் என்று எழுதவும் வேண்டாம், அம்புக்குறி போடுங்கள். மேடைக்காரர்களுக்கு இடது என்பது பார்வையாளர்களுக்கு வலது. உங்கள் படிக்கட்டில் இரண்டு கூட்டமும் இறங்கும்.

அவசர வழிக்குத் திரைச்சீலை விலகுவது போல வரைந்திருக்கிறீர்கள். வேண்டாம். ஜப்பானில் 1972இலும் 1973இலும் இரண்டு பெரிய கடைகள் எரிந்து, ஒவ்வொன்றிலும் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகு போட்டி வைத்துத் தேர்ந்து, யுகியோ ஓட்டா குழுவினர் செம்மைப்படுத்திய உருவம்தான் அந்தப் பச்சை நிற ஓடும் மனிதன். அதை அப்படியே போடுங்கள், கீழே ‘வெளியே’ என்று எழுதுங்கள். மின்சாரம் போனாலும் எரியும்படி பேட்டரி வேண்டும். 1997 ஜூன் 13 அன்று டெல்லி உபஹார் திரையரங்கில் 59 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் மூச்சுத் திணறி. பால்கனியில் கூடுதல் இருக்கை போட்டு ஒரு பக்க வழியை அடைத்திருந்தார்கள். இயக்குநர்கள் உங்களிடம் வந்து, இருட்டுக் காட்சியில் பச்சை விளக்கு உறுத்துகிறது, கறுப்புத் துணி போட்டு மூடட்டுமா என்று கேட்பார்கள். நானே ஒருமுறை மூடியிருக்கிறேன். யார் கேட்டாலும் விடாதீர்கள், நான் வந்து கேட்டாலும்.

சுவர் வரலாறு அவசியமா? எனக்குத் தோன்றவில்லை. சுவாமிகள் 1922லேயே போய்விட்டார், அவரைப் பாப்கார்ன் கவுன்டருக்கு மேலே நிறுத்துவானேன். அந்த இடத்தில் இன்றைக்கு என்ன நாடகம், எத்தனை மணிக்கு முடியும், இடைவேளை உண்டா என்று தினம் சாக்பீஸில் எழுதுங்கள். நாடகம் தொடங்கிவிட்ட உணர்வு வேண்டும் என்றால், தெருக்கூத்தில் களரி கட்டுவார்கள் தெரியுமா? கூத்து தொடங்குவதற்கு முன் மத்தளமும் தாளமும் முழங்கும். பாதி ஊருக்கு அந்தச் சத்தம்தான் வழிகாட்டிப் பலகை. உங்கள் படிக்கட்டில் ஒருவரை மத்தளத்தோடு உட்கார வைத்துப் பாருங்கள், ஓவியத்தைவிடச் செலவு குறைவு.

ஆணி அடிக்கும் முன் எல்லாப் பலகைகளையும் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு எனக்கு ஒரு நாள் சொல்லுங்கள். எனக்கும் இப்போது சர்க்கரை இருக்கிறது. மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு, ஒரு பெரிய டம்ளர் மோர் குடித்துவிட்டு வருகிறேன். யாரும் எனக்கு வழி சொல்லக் கூடாது.