லைஃப்பாயில் இருப்பது எந்தப் பாய்?

கேள்வி: படகில் தொங்கும் ஆரஞ்சு வளையத்தை லைஃப்பாய் என்கிறார்களே, அந்தப் ‘பாய்’ பையனா, கோரைப்பாயா?

பதில்: இரண்டும் இல்லை, மிதவை. பிரிட்டன்காரர் வாயில் பையனும் (boy) மிதவையும் (buoy) ஒரே மாதிரி ஒலிக்கும். அமெரிக்கர் மிதவையைப் பெரும்பாலும் ‘பூ-ஈ’ என்பார்கள்.

கேள்வி: அப்போ சோப்பு?

பதில்: அதே பெயர்தான். லீவர் சகோதரர்கள் 1894இல் தங்கள் கார்பாலிக் சோப்புக்கு வைத்தது. நம்மில் பலருக்கு இந்தச் சொல் கடலில் அல்ல, கிணற்றடியில்தான் அறிமுகம்.

கேள்வி: சொல்லின் வேர் என்ன?

பதில்: இதில் இரண்டு கட்சி. ஒரு கட்சி, ‘அடையாளம்’ என்ற பொருள்கொண்ட பழைய ஜெர்மானியச் சொல்லைக் காட்டும். கலங்கரை விளக்கைக் குறிக்கும் ‘பீக்கன்’ அதன் உறவு. இன்னொரு கட்சி லத்தீன் ‘போயா’வைக் காட்டும். அதற்குக் கைதிக்குப் பூட்டும் தளை என்று பொருள். அதற்கும் பின்னால் போனால் கிரேக்கத்தில் மாட்டுத்தோல்! முதலில் தோல்வாரால் கட்டியிருப்பார்கள் போல. மிதவை அலையோடு போய்விடாமல் சங்கிலியால் கடலடியில் பிணைத்து வைப்பதை நினைத்துப் பாருங்கள், பொருள் பொருந்துகிறது. என் ஓட்டு இரண்டாவதற்கு. கைதியின் தளை உயிர்காக்கும் வளையத்துக்குப் பெயரானது எனக்குப் பிடித்திருக்கிறது என்பதும் ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன்.

கேள்வி: கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போனதுபோல் இதுவும் நம் பாய்மரத்துப் பாய்தானே?

பதில்: ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் இல்லை. கட்டுமரம் ‘கேட்டமரான்’ ஆனதற்குச் சான்று உண்டு. இங்கே ஒலி மட்டும்தான் ஒத்துப்போகிறது.

கேள்வி: ‘பிரீச்சஸ் பாய்’ என்று ஒன்று உண்டாமே?

பதில்: வளையத்தின் அடியில் அரைக்கால் சட்டை தைத்தது. அந்தக் காலத்தில் கரை தட்டிய கப்பலுக்கும் கரைக்கும் இடையே கயிறு கட்டி, சட்டைக்குள் காலை விட்டு உட்கார்ந்தவரைக் கப்பியில் தொங்கவிட்டு இழுப்பார்கள். கயிறு எப்படிப் போய்ச் சேரும்? குண்டில் கட்டிச் சுடுவதுதான். 1807இல் கரைக்கு எட்டும் தூரத்தில் ‘ஸ்னைப்’ கப்பலில் இருந்தவர்கள் சாவதைப் பார்த்த ஜார்ஜ் மேன்பி, மறுவருஷமே இங்கிலாந்தின் கிரேட் யார்மத் கரையில் சிறு பீரங்கியால் கயிறு எறிந்து ‘எலிசபெத்’ கப்பலின் ஏழு பேரைக் கரை சேர்த்தார். கால்சட்டை பிறகு வந்தது.

கேள்வி: ‘மே வெஸ்ட்’?

பதில்: இரண்டாம் உலகப்போர் விமானிகளின் குறும்பு. காற்றடைத்தால் மார்புப்பக்கம் உப்பும் மிதவைச் சட்டைக்கு ஹாலிவுட் நடிகை மே வெஸ்டின் பெயரைச் சூட்டிவிட்டார்கள். ஏன் என்று குழந்தைகள் கேட்டால் அகராதியைக் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.