திறமூல அறிவியல் மென்பொருளை சக மதிப்பாய்வுக்குத் தயார் செய்வது என்றால் என்ன?

ஆராய்ச்சிக்காக எழுதி, எல்லோருக்கும் திறந்துவிட்ட மென்பொருளை அதே துறையைச் சேர்ந்த வேறொருவர் நிறுவி, ஓட்டிப் பார்த்துக் கருத்துச் சொல்வதுதான் சக மதிப்பாய்வு. 2016-இல் தொடங்கிய 'ஜர்னல் ஆஃப் ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர்' இதழ் இதை நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில், யார் வேண்டுமானாலும் படிக்கும்படி நடத்துகிறது.

இதற்கு ஏன் தயாரிப்பு? எழுதியவரின் கணினியில் தேவையானதெல்லாம் ஏற்கெனவே இருக்கும். கணக்கிடுவதற்கான பைதான் நூலகமான நம்பையில் (NumPy) எந்தப் பதிப்பு வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்க மாட்டார். தரவுக் கோப்பின் பாதை அவருடைய சொந்த ஃபோல்டரையே காட்டிக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டு ஊருக்குப் போவது மாதிரிதான்: மோட்டார் சுவிட்ச் எங்கே என்று சொல்லாவிட்டால் செடிக்குத் தண்ணீர் கிடைக்காது.

அதனால் முதல் வேலை, வேறொரு கணினியில் ரீட்மியை (மென்பொருளோடு வரும் வழிகாட்டிக் கோப்பு) மட்டும் பார்த்து நிறுவிப் பார்ப்பது. பெரும்பாலான ஓட்டைகள் அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம் மற்றவர்கள் எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமக் கோப்பு (மறந்துபோவது இதுதான்), விடை தெரிந்த ஒரு சின்ன எடுத்துக்காட்டு, தானாக ஓடும் சோதனைகள்.

நிரல் அழகாக இருந்தால்தான் அனுப்பலாம் என்று சிலர் தள்ளிப்போடுகிறார்கள். மதிப்பாய்வாளர் முதலில் பார்ப்பது நிறுவ முடிகிறதா, சொன்னதைச் செய்கிறதா என்பதைத்தான்.