அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட் பற்றி

அப்பாவின் வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘ஹெபடோமெகாலி’, ‘கோலிலிதியாசிஸ்’ என்று இருப்பதைப் பார்த்து, புற்றுநோயோ என்று பயந்து கேட்டிருக்கிறீர்கள். இந்த இரண்டு சொல்லுக்கும் அந்தப் பொருள் இல்லை. முதலாவது, கல்லீரல் வழக்கத்தைவிடப் பெரிதாக இருக்கிறது என்பது மட்டும்தான். காரணத்தை அந்தச் சொல் சொல்லாது. கொழுப்புப் படிந்திருக்கலாம், ஹெபடைட்டிஸ் வைரஸாக இருக்கலாம், இதயம் பலவீனமானாலும் கல்லீரல் வீங்கும். அதனால் ரத்தப் பரிசோதனையில் கல்லீரலின் நிலையைக் காட்டும் எஸ்ஜிபிடி, பிலிரூபின் அளவுகளையும் பார்த்துத்தான் டாக்டர் முடிவு சொல்வார். அதுவரை நீங்களாக எதையும் கற்பனை செய்துகொள்ளாதீர்கள்.

இரண்டாவது, பித்தப்பைக் கல். பலருக்கு அது தொந்தரவே தராது. ரிப்போர்ட்டில் ‘கோலிசிஸ்டைட்டிஸ்’ என்று இருந்தால் பித்தப்பை அழற்சி, அதைத் தள்ளிப்போடக் கூடாது. வலது விலாவுக்குக் கீழே விடாத வலி, காய்ச்சல், கண்ணில் மஞ்சள், இதில் எது வந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.